திருப்பி அனுப்பிய வைக்கோல்

போன மாதம் எங்கள் பழைய கந்தோரிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டாள். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் விவசாயப் போதனாசிரியை. பாத்தீனியக் களை பரவாமல் தடுக்கத் தீவுகளையெல்லாம் ஒன்றுசேர்த்து ஒரு கூட்டுத் திட்டம் தொடங்குகிறார்களாம். முன்னாள் உத்தியோகத்தர் என்ற முறையில் நான் தொடக்க விழாவில் கொஞ்ச நேரம் பேச வேண்டுமாம். மரியாதையாகத்தான் கேட்டாள். அழைப்பிதழையும் வட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தாள். அதில் 'முதன்முறையாக' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கண்டறியாத முதன்முறை! பிறகு யோசித்தேன். அந்தப் பிள்ளை நாங்கள் அந்த வேலை செய்த காலத்தில் பாலர் வகுப்பில் இருந்திருப்பாள். அவளில் என்ன பிழை? சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல் விட்டால் எல்லாமே முதன்முறைதான். மேடையில் ஏறினால் சொல்ல வந்தது எனக்கு மறந்துபோகும், அது வெட்கக்கேடு. அதனால் வீட்டிலேயே இருந்து எழுதுகிறேன்.

நான் பண்டத்தரிப்பில் தோட்டம் செய்த குடும்பத்துப் பிள்ளை. விவசாயப் பள்ளியில் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பயிருக்கு வரும் நோய்களைப் பாடமாக்கினோம், விடுதிச் சாப்பாட்டைத் திட்டினோம், சோதனை பாஸ் பண்ணினோம். பாத்தீனியம் என்ற பெயர் அந்தப் பாடத்தில் ஒரு மூலையில் இருந்தது. அது என்னுடைய உத்தியோகத்தின் பாதியைத் தின்னும் என்று அப்போது தெரியாது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கரட் இலை மாதிரி இலை. கொத்தமல்லிப் பூ மாதிரி வெள்ளைப் பூ. பூச்சாடியில் வைக்கலாம் போல இருக்கும். ஆனால் தொட்டவனுக்குத் தோலில் கடி, மூச்சு முட்டு. மாடு வாய் வைக்காது, வைத்தால் பால் கைக்கும். ஒரு செடி காய்த்து உதிர்ந்தால் அடுத்த மழைக்கு அந்தக் காணி முழுக்க அதுதான். யுத்த காலத்தில் ஆடுகளோடு வந்து இறங்கியது என்பார்கள். யாருடைய ஆடு என்பதில் இன்னும் சண்டை நடக்கிறது. எது எப்படியோ, எங்கள் வலிகாமப் பகுதியில் வெங்காயத் தோட்டம், பள்ளிக்கூட மைதானம், கோயில் வீதி என்று ஒன்றும் மிச்சமில்லாமல் பிடித்துக்கொண்டது. பிடுங்கினோம், எரித்தோம், ஊர்வலம்கூடப் போனோம். நாங்கள் தோற்றுப்போனோம் என்பதுதான் உண்மை.

ஆனால் கடலுக்கு அப்பால் மூன்று தீவுகள் அப்போது சுத்தமாக இருந்தன. பெயர் சொன்னால் வீண் பொல்லாப்பு. பெரிய தீவு, நடுத் தீவு, சின்னத் தீவு என்றே வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு பாத்தீனியச் செடி இல்லை. அந்த மூன்றையும் காப்பாற்றிவிடலாம் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் மேலதிகாரி எபனேசர் ஐயா.

எபனேசர் ஐயா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் பரம்பரை. உரத்துக் கதைக்கவே மாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். அவரிடம் பேச்சு வாங்குவதென்றால் நாங்களே கிட்டப் போய்க் காது கொடுக்க வேண்டும். 'செய்' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. 'செய்வம்' என்பார். அதன் அர்த்தம் நான் செய்ய வேண்டும் என்பது.

அவருடைய பையில் ஒரு பெயின்ட் பிறசும் ஒரு வெள்ளை வேட்டித் துண்டும் எப்போதும் இருக்கும். தீவுக்குப் போகும் நாளில், இந்தப் பக்கத்து இறங்குதுறையில் அந்தத் துண்டை விரித்து நாலு மூலைக்கும் கல் வைப்பார். முதலில் தானே ஏறி நிற்பார். கால்சட்டை மடிப்பை அவிழ்த்து உதறுவார். சப்பாத்தைக் குதியிலிருந்து விரல் வரைக்கும் பிறசால் தட்டுவார். நாடா போகும் ஓட்டைகளையும் விடமாட்டார். பிறகு கால்சட்டைப் பைகளை வெளியே இழுத்து உதறுவார். கடைசியில் குனிந்து துண்டைப் பார்ப்பார். எள்ளை விடச் சின்னக் கறுப்பு விதை இருந்தால், பொறுக்கி ஒரு தகரப் பேணியில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றி எரிப்பார். அவர் முடித்த பிறகுதான் நாங்கள் ஏற வேண்டும்.

"முதல் எங்கடை காலைப் பாப்பம். பேந்து மற்றவையின்ரை மூட்டையைப் பாப்பம்" என்பார். நாங்கள் இளவட்டங்கள் பின்னால் நின்று சிரிப்போம். ஒரு நாள் என்னுடைய மடிப்பிலிருந்தே விதை விழுந்தது. அதற்குப் பிறகு நான் சிரித்ததில்லை.

படகு ஒரு தீவில் தட்டி ஆளை இறக்கிவிட்டுத்தான் மற்றத் தீவுக்குப் போகும். ஒன்றில் வந்தால் மூன்றிலும் வரும். ஆகவே மூன்று தீவுக்காரரையும் நடுத் தீவுப் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டினோம். வைக்கோல், எரு, ஆடு, மண்ணோடு வரும் கன்று எதையும் சோதிக்காமல் படகில் ஏற்றக் கூடாது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு தீவும் தன் ஆளை இந்தப் பக்கத்து இறங்குதுறையில் நிறுத்தியது. ஒரு மாதத்தில் எல்லாம் புஸ்வாணம். ஏன் தெரியுமா? எங்கள் ஆட்களுக்கு முகதாட்சணியம் என்று ஒரு வியாதி இருக்கிறது. தாய்மாமன் கொண்டுவந்த எரு மூட்டையை எந்த மருமகன் திருப்பி அனுப்புவான்? சோதிக்க நின்றவனே மூட்டையைத் தூக்கி ஏற்றிவிட்டு மாமனோடு தேத்தண்ணி குடித்தான்.

இரண்டாவது கூட்டத்தில் ஆளையாள் குறை சொல்லிச் சண்டை. அப்போது பின் வரிசை வாங்கிலிருந்து ஒரு பெண் எழும்பினார். பெரிய தீவு மாதர் சங்கத் தலைவி தவமணி அக்கா. மாடு வைத்துப் பால் விற்றுச் சீவித்தவர். புருஷன் பாரிசவாதத்தில் படுத்த படுக்கை.

"எங்கடை சாமானைச் சின்னத் தீவார் பாக்கட்டும். அவையின்ரையை நாங்கள் பாக்கிறம். ஆருக்கும் ஆரும் மாமன் மச்சான் இல்லை" என்றார்.

எபனேசர் ஐயா மெதுவாக, "செய்வம்" என்றார். நானும் எத்தனையோ மகாநாட்டில் இருந்து கொட்டாவி விட்டிருக்கிறேன். அந்தப் பேச்சுக்குக் கிட்ட வந்த ஒன்றையும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு திட்டம் ஒழுங்காக ஓடியது. பெரிய தீவுச் சாமான்களைச் சோதிக்கச் சின்னத் தீவிலிருந்து அன்ரன் என்ற கடற்றொழிலாளி வருவார். பெரிய உடம்பு, பயந்த மனம். ஆனால் சோதனையில் விட்டுக்கொடுக்கமாட்டார். வேலை நின்றுபோகாமலிருக்கச் சோதிக்க வருபவர்களுக்குப் படகில் இலவச இடம் வாங்கிக் கொடுத்தார் எபனேசர் ஐயா. கோயில் நேர்த்திக் கடாவென்றாலும் துறையடியில் நாங்கள் அடைத்த பட்டியில் நின்று, தின்ற விதை வயிற்றால் கழிந்த பிறகுதான் படகேறும். ஒரு கலியாணத்துக்கு மாப்பிள்ளை பகுதி வந்தபோது மாப்பிள்ளையையும் வெள்ளைத் துண்டில் ஏற்றிவிட்டார் அன்ரன். மாப்பிள்ளையின் காலை மைத்துனன் கழுவ முன்னம் அன்ரன் துடைத்துவிட்டார் என்று தீவு முழுக்க ஒரே பகிடி. மழைகள் வந்து போயின. தீவுகளில் புல்லும் நெருஞ்சியும் முளைத்தன, பாத்தீனியம் முளைக்கவில்லை. நாங்கள் கர்வப்பட்டோம், ஒளிப்பானேன்.

பிறகு மழை பொய்த்த அந்த வருடம் வந்தது.

சோளகக் காற்று வீசி வீசிப் பெரிய தீவில் புல்லின் வேரையும் தின்றுவிட்டது. கிணறுகள் உவர்த்துவிட்டன. மாடுகள் வேலிக் கதியால்களின் பட்டையை உரித்தன, கடதாசி தின்றன. தவமணி அக்காவிடம் அப்போது செவலை என்று ஒரு பசுவும், அதன் கன்றும், இன்னும் இரண்டு பசுக்களும் நின்றன. அவருடைய அடுப்பு அந்தப் பாலில்தான் எரிந்தது. புருஷனின் மருந்தும் அந்தப் பாலில்தான்.

தீவின் நிலைமையைக் கேள்விப்பட்டு வலிகாமத்துப் பெடியள் சிலர் வீடு வீடாக வைக்கோல் சேர்த்து லொறியில் இறங்குதுறைக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல மனம், குறை சொல்லமாட்டேன். வைக்கோலைப் பார்த்த சந்தோசத்தில் பெரிய தீவுக்காரர் ஏற்றிப்போக வந்திருந்தார்கள். தவமணி அக்காவும் வந்திருந்தார். காலையில் செவலை தன் பாட்டில் எழும்பவில்லையாம், வாலைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டு வந்தாராம்.

அன்ரன் துண்டை விரித்தார். ஒரு கட்டைப் பிரித்து உதறினார். பிறகு இன்னொன்றை. நான் பக்கத்தில் நின்றேன். வைக்கோலுக்குள்ளே வரம்பில் வளர்ந்த பாத்தீனியம் காய்ந்த பூவோடும் தண்டோடும் கிடந்தது. துண்டு கறுத்துப்போனது.

அன்ரன் அக்காவின் முகத்தைப் பார்த்தார். மாமன் மச்சான் இல்லைத்தான், ஆனால் மனிதன்தானே. துண்டைச் சுருட்டினார்.

"தவமணி, நான் ஒண்டும் காணேல்லை. ஏத்துங்கோ" என்றார்.

தவமணி அக்கா அசையவில்லை.

"இண்டைக்கு நீங்கள் காணேல்லை எண்டால், நாளைக்கு உங்கடை தீவுக்குச் சாமான் வரேக்கை நான் என்னத்தைக் காணுறது?" என்றார்.

நான் எபனேசர் ஐயாவுக்குச் சொல்லியனுப்ப, அவரும் வந்து சேர்ந்தார். கட்டுகளைப் பார்த்தார். கையால் பொறுக்கித் துப்புரவாக்கலாமா என்று நாங்கள் எல்லோரும் இருந்து பொறுக்கிப் பார்த்தோம். ஒரு கட்டு முடியவே வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அவர் தன் அதிகாரத்தைக் காட்டி ஏற்று என்றோ திருப்பு என்றோ சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இது மூன்று தீவும் சேர்ந்து செய்த ஒப்பந்தம், கந்தோர் அதற்கு மேலே நிற்க முடியாது என்றார். அது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அக்கா என் பக்கம் திரும்பினார். வேறு தீன் வருமோ என்று கேட்டார்.

"வரும் அக்கா. நாளைக்கே பனையோலை வெட்டி அனுப்புவம்" என்றேன்.

அந்த 'நாளைக்கே' என்ற சொல்லை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. மனமறிந்து பொய் சொல்லவில்லை. செய்யலாம் என்றுதான் நினைத்தேன். எபனேசர் ஐயா என்னைப் பார்த்து, "செய்வம்" என்றார். வைக்கோல் லொறி திரும்பிப் போனது. அக்கா வெறுங்கையோடு படகேறினார்.

சொன்னபடி ஓலை வெட்டினோம். எங்கள் வளவுப் பனைகளிலும் அயலவர் பனைகளிலும் ஆள் ஏற்றிப் பச்சையோலையாக வெட்டுவித்து அடுத்த நாள் இறங்குதுறையில் இறக்கினேன். அன்றைக்குப் பார்த்துக் காற்று எழும்பியது. படகு ஓடக் கூடாது என்று அறிவித்துவிட்டார்கள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். நான் ஓலைக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று கடலைத் திட்டினேன். தண்ணீர் தெளித்துத் தெளித்தும் ஓலை பழுத்துக்கொண்டு வந்தது. எபனேசர் ஐயா ஒரு மூலையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். அவர் செபம் பண்ணினார் என்று நினைக்கிறேன், கேட்கவில்லை.

கடல் அடங்கி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது செவலை செத்துப்போயிருந்தது. மற்ற இரண்டு பசுக்களும் செத்திருந்தன. தாய்ப்பால் இல்லாத கன்றை அக்கா மடியில் வைத்துக் கஞ்சித் தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தார்.

எபனேசர் ஐயா சப்பாத்தைக் கழற்றிவிட்டு முற்றத்துக்குள் போனார். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா" என்றார். அவர் உரத்துக் கதைத்ததை நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

"நீங்கள் என்ன செய்வியள்? சட்டத்தை நான்தானே சொன்னனான்" என்றார் அக்கா. பிறகு, ஓலையைத் தன் முற்றத்தில் இறக்க வேண்டாம், இன்னும் மாடு நிற்கிற வீடுகளுக்குக் கொண்டுபோகச் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தக் கன்றும் தங்கவில்லை. அக்கா அதற்குப் பிறகு மாடு வைக்கவில்லை. கருவாடு காயவைக்கும் வேலைக்குப் போனார். அடுத்த மாரிக்கு நல்ல மழை பெய்தது. நான் பெரிய தீவைக் கரையிலிருந்து கரைக்கு நடந்து பார்த்தேன். பச்சைப் பசேலென்று புல், ஒரு பாத்தீனியம் இல்லை. அதைப் பார்த்து, செவலையின் உயிருக்கு ஒரு கணக்கு இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அக்காவிடமும் அப்படித்தான் சொன்னேன். ஓம் என்று தலையாட்டினார்.

எபனேசர் ஐயா ஓய்வுபெற்று, மகனோடு கனடாவுக்குப் போய், அங்கேயே கண்மூடினார். அவருக்குப் பின் வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் வந்தவர் தீவின் பெயர்களைப் பழகுவதற்குள் மாற்றமாகிப் போவார். மூன்று தீவுக் கூட்டம் வருடத்துக்கு ஒரு தரமானது. பிறகு படம் எடுத்து, றோல்ஸும் தேத்தண்ணியும் கொடுக்கும் கூட்டமானது. படகில் கொடுத்த இலவச இடத்தை யாரோ நிறுத்தினார்கள். தொழிலை விட்டுவிட்டு அன்ரன் எத்தனை நாளைக்குத் தன் கைக்காசில் வருவார்? அவரவர் தீவை அவரவரே பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். மறுபடி மாமனும் மருமகனும் ஆனார்கள்.

நான் ஓய்வுபெறக் கொஞ்சக் காலம் இருக்கையில் பெரிய தீவுக்குப் புதுத் தெரு வந்தது. வேண்டிய தெருதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. கிறவலும் மண்ணும் இயந்திரங்களும் பெரிய மிதவையில் வந்தன. அது எங்கள் இறங்குதுறைக்கு வரவில்லை, தீவின் மற்றப் பக்கத்தில் நேரே கரையேறியது. செய்தி கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். இயந்திரத்தின் சங்கிலிச் சில்லில் எங்கள் ஊர் மண் அப்படியே அப்பிக் கிடந்தது. மண் குவியலில் பாத்தீனியம் பூத்தபடியே நின்றது. தெரு வேலைக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை என்று அங்கே நின்றவர் சொன்னார். எங்கள் கந்தோரில், அது வேறு திணைக்களம், பகைக்க வேண்டாம் என்றார்கள். நான் எழுதினேன், தொலைபேசி எடுத்தேன், அலைந்தேன். எபனேசர் ஐயா இருந்திருந்தால் அந்த மண் குவியலில் வெள்ளைத் துண்டை விரித்துக்கொண்டு குந்தியிருப்பார். எனக்கு அந்தத் துணிவு வரவில்லை. அடுத்த மாரியில் தெருவின் இரண்டு பக்கமும் வெள்ளையாகப் பூத்தது.

கைக்குள் அடங்கும் ஒரு சிரங்கை விதைக்காக மூன்று பசுவைச் சாகக் கொடுத்த தீவுக்கு, லொறிக் கணக்கில் விதையைக் கொண்டுபோய்க் கொட்டினோம். எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள், மாலை போட்டார்கள். தவமணி அக்காவைப் பார்க்க நான் போகவில்லை. போக முகம் இல்லை.

'முதன்முறையாக' என்ற அந்த அழைப்பிதழைப் பார்த்த பிறகுதான், எதற்கும் ஒரு தரம் போவோம் என்று வெளிக்கிட்டேன். இறங்குதுறையில் என்னை யாரும் சோதிக்கவில்லை. பட்டி இருந்த இடத்தில் சோடாக் கடை. தீவில் ஓட்டோ புதுத் தெருவில் வழுக்கிக்கொண்டு போனது. அக்கா வேலிக்கு வெளியே குந்தியிருந்து, கைகளில் பிளாஸ்ரிக் சொப்பின் பையைக் கட்டிக்கொண்டு, பாத்தீனியம் பிடுங்கிக்கொண்டிருந்தார். நன்றாக மெலிந்துவிட்டார். புருஷன் காலமாகிவிட்டார். முழங்கை வரை தோல் கன்றிப் போயிருந்தது, மூச்சு இழுத்தது.

"தம்பியோ? வாரும், வாரும்" என்றார். உள்ளே கூப்பிட்டுப் பிளேன்ரீ தந்தார்.

புதுத் திட்டத்தைப் பற்றிச் சொன்னேன். நல்லது, செய்யட்டும் என்றார். பிடுங்கி முடிகிறதா என்று கேட்டேன். முடியாது, வாசலை மட்டுமாவது பார்க்கிறேன் என்றார். வேறு எதையெல்லாமோ கதைத்தோம். கடைசியில் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, அண்டைக்கு அந்த வைக்கலை ஏத்த விட்டிருக்கலாம்" என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "நானும் நினைக்கிறனான். செவலை கடைசியா என்னைப் பாத்த பார்வையை நினைச்சால் இப்பவும் நித்திரை வராது" என்றார். என்னை ஆறுதல்படுத்தவில்லை.

படகுக்கு நேரமாக எழும்பினேன். அவரும் ஒரு துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கூட வந்தார். வயது போன மனிசி, வெயிலுக்குள் வழியனுப்ப வர வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. துறையடிக்கு வந்ததும் அந்தத் துவாயை நிலத்தில் விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தார். பழைய வெள்ளைத் துவாய்.

"இந்தப் படகு சின்னத் தீவிலை தட்டிப்போட்டுத்தான் போகும். அங்கை இன்னும் ஒரு செடி இல்லையாம், அன்ரன் போன கிழமையும் சொன்னவர். ஏறி நில்லும்" என்றார்.

ஏறி நின்றேன். மடிப்பை அவிழ்த்து உதறினேன். கறுப்பாக விழுந்தது. அவர் முழங்காலில் நின்று, என் சப்பாத்தைப் பிடித்து, ஒரு ஓலை ஈர்க்கினால் நாடா ஓட்டைகளைக் கிண்டத் தொடங்கினார். வேண்டாம் அக்கா, நான் செய்கிறேன் என்று குனிந்தேன். கையைத் தட்டிவிட்டார். படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, நேரமாகிறது, ஏறுங்கோ என்று அவசரப்படுத்தினார்.

அக்கா தலை நிமிரவில்லை. "பொறும், இன்னும் ஒரு கால் கிடக்கு" என்றார்.